மந்திரித்த மோட்டார் சைக்கிள்

ஐம்பதை நெருங்கும் மனுசனுக்கு மணலிலும் சேற்றிலும் பாய்கிற டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் எதற்கு என்று எங்கள் ஒழுங்கையில் கேட்காதவர் இல்லை. கடற்கரைப் பக்கம் முழுக்கப் புதைமணல், மற்ற மோட்டார் சைக்கிள் எல்லாம் புதைந்துபோகும் என்று நான் சலிக்காமல் விளக்கம் சொன்னேன். மன்னார்க் கந்தோர் ஒன்றில் கோப்புக் கட்டுகிற உமக்குக் கடற்கரையில் என்ன அலுவல் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னிடம் இருந்த பதில் ஆசை என்ற ஒரே சொல்தான், அதை இந்த வயதில் வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

என் மனைவி மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய தம்பி இலுப்பைக்கடவை வீதியில் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து, திரும்பி வராதவன். நான் பார்த்து வைத்த சைக்கிளும் இலுப்பைக்கடவையில்தான் இருந்தது, ஒரு கமக்காரர் வயல் வரப்பில் ஓடித் திரிந்தது. அதே வீதியால்தான் அதை ஓட்டிக்கொண்டு வரவேண்டும். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எடுக்கிற அண்டைக்கே நேர மடு மாதா கோயிலுக்குக் கொண்டு வாங்கோ. மந்திரிச்சுப்போட்டுத்தான் வீட்டுக்கு."

கமக்காரர் நேர்மையான மனுசன். "ஓடிப் பாருங்கோ. மனசுக்குப் பிடிக்காட்டி வாற ஞாயிறுக்குள்ள கொண்டுவந்து விடுங்கோ. அதுக்குப் பிறகு வந்து சாட்டுச் சொல்லக்கூடாது" என்றார். நான் சரி என்று ஏறி உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்தது. தம்பி விழுந்த இடத்தைக் கடக்கும்போது நான் நடந்துபோகிறவனை விட மெதுவாகப் போனேன் என்பதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னாலும் நம்பமாட்டாள்.

மடுவில் அவள் எனக்கு முன்னமே பஸ்ஸில் வந்து செபமாலையோடு நின்றாள். என்னைக் கண்டதும் கை, கால், தலை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். சைக்கிளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பங்குச் சுவாமி வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பாதி சைக்கிளில் விழுந்தது, பாதி என் சேட்டில். பிறகு அவள் குனிந்து கோயிலின் சிவந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி லேஞ்சியில் முடிந்துகொண்டாள். அதில் புதினம் எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் மடுவுக்குப் போய் மண் எடுக்காமல் வருகிறவர் கிடையாது. மடு மண் இருக்கும் வீட்டில் பாம்பு தீண்டாது என்பார்கள். எங்கள் வீட்டு வாசற்படிக்குக் கீழே கிடக்கிறது, என் தலையணைக்குள்ளும் கிடக்கிறது. ஏறும், வீட்டை போவம் என்றேன். பஸ்ஸில் வாறன் என்றாள்.

மடுவிலிருந்து வீடு வரை சைக்கிள் சொன்ன சொல் கேட்டு ஓடியது. அடுத்த நாள் காலை உதைத்தேன். இருமக்கூட இல்லை. கந்தோர் உடுப்போடு வியர்த்து வழியும் வரை உதைத்துவிட்டு, மானம் போக வழக்கமான பஸ்ஸைப் பிடித்தேன்.

பின்னேரம் திரும்பி வந்தபோது சைக்கிள் வைத்தியர்கள் காத்திருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் ஏறக்குறைய எல்லோரும் கடற்தொழில் செய்பவர்கள். படகில் பூட்டுகிற எஞ்சினும் டூ ஸ்ட்ரோக் என்பதால் உலகத்து டூ ஸ்ட்ரோக் எல்லாம் தங்கள் கைக்குள் அடக்கம் என்று ஒரு நினைப்பு. பக்கத்து வீட்டு அண்ணை பிளக்கைக் கழற்றி, மூக்கில் வைத்து மணந்து பார்த்து, தீர்ப்புச் சொன்னார்.

"எண்ணெய் கூடிப்போச்சு. பெற்றோலுக்க எண்ணெயைக் கொட்டியிருக்கிறான் அந்தக் கமக்காரன். இது போட் எஞ்சின் மாதிரித்தான், எனக்குத் தெரியும்."

எதிர்வீட்டுக்காரர் இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து ஓட்டோ ஓடுகிறவர். அவருக்கு அது சைக்கிள் இல்லை, வண்டி. "அண்ணே, வண்டிக்கு கரண்ட் வரல. எண்ணெயும் இல்ல, கிண்ணெயும் இல்ல" என்றார். அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. கடலுக்குள் எஞ்சின் நின்றால் கரண்ட் பார்க்க ஆர் வருவான், ஓட்டோவா வரும் என்று அவர் கேட்க, இவர் ஏதோ சொல்ல, என் சைக்கிளை இரண்டு பேரும் மறந்தே போனார்கள்.

பிறகு தள்ளிப் பார்ப்போம் என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். எங்கள் ஒழுங்கை முழங்கால் புதையும் வெள்ளை மணல். ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் தள்ளினோம். தேராவது நகரும். கழுதைகள் இரண்டு வேலியோரம் நின்று பார்த்தன. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள், ஆனால் எங்கள் கழுதைகளுக்குப் பெற்றோல் வாசனை பழகிவிட்டது, அந்தக் கிழமை முழுக்க ஒரு பின்னேரமும் தவறாமல் வந்தன.

நானும் தவறாமல் உதைத்தேன். பிளக்கை மாற்றினேன். எண்ணெய் குறைத்துப் புதிதாகக் கலந்தேன். அண்ணையின் சொல்லைக் கேட்டு பிளக்கை அடுப்பில் வாட்டினேன், ஓட்டோக்காரரின் சொல்லைக் கேட்டு வயர்களைக் கழற்றிப் பூட்டினேன். ஒவ்வொரு தோல்வியும் ஞாயிற்றுக்கிழமையைக் கிட்டக் கொண்டுவந்தது. ஒரு சின்ன லொறியில் ஏற்றி, கமக்காரரின் முற்றத்தில் இறக்கிவிட்டு, "உங்கட சாமான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வரவேண்டியதுதான். அதை நினைக்க எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது. அத்தனை வருசம் மனதுக்குள் ஓடின சைக்கிள், வாங்கின பிறகு ஓடமாட்டேன் என்கிறது.

வீட்டுக்குள்ளோ என் மனைவி ஒரு புது மனுசியாகத் திரிந்தாள். நண்டுக் கறி வைத்தாள். வேலை செய்துகொண்டே மாதா பாட்டுப் பாடினாள். "சைக்கிள் என்னவாம்?" என்று நாளுக்கொரு தடவை அன்பாக விசாரித்தாள். நான் பல்லைக் கடித்தேன்.

சனிக்கிழமை காலை கடைசி முயற்சியாகப் பிளக்கைக் கழற்றினேன். அன்றைக்குத்தான் எனக்கு மூளை வேலை செய்தது. பிளக் கருவாடு மாதிரிக் காய்ந்து கிடந்தது. எண்ணெய் கூடினாலும் கரண்ட் வராவிட்டாலும் அது நனைந்திருக்கவேண்டும். ஒரு கிழமையாக அதை மணந்து பார்த்தோமே தவிர, ஒருவராவது தொட்டுப் பார்க்கவில்லை. பெற்றோல் எஞ்சினுக்குள் போகவேயில்லை.

காபரேட்டரைக் கழற்றி, அடிக்கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் மண். சிவந்த மண்.

எங்கள் மன்னார்த் தீவில் நான் கண்டதெல்லாம் வெள்ளை மணல். வயல் மண்ணும் அந்த நிறம் இல்லை. கையில் தேய்த்துப் பார்த்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன்.

"டாங்கிக்குள்ள ஏதும் போட்டனீரே?"

அவள் மறைக்கவில்லை. "கொண்டு வந்த அண்டைக்கே ஒரு கிள்ளு போட்டனான்."

"பெற்றோல் டாங்கிக்குள்ள ஆராவது மண் போடுவினமே?"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணையின் குரல் வந்தது. "நானும் என்ர எஞ்சின்ல மடு மண் கட்டித்தான் வச்சிருக்கிறன், தங்கச்சி. வெளியால. உள்ளுக்குப் போடேல்ல."

அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"தம்பியின்ர சைக்கிளையும் மந்திரிச்சதுதானே. வெளியால தெளிச்ச தீர்த்தம் வெயிலுக்குக் காஞ்சு போட்டுது. உள்ளுக்குப் போட்டா எங்கயும் போகாது, நீங்கள் போற இடமெல்லாம் கூட வரும் எண்டு நினைச்சன்."

எனக்குச் சொல்வதற்கு எத்தனையோ கிண்டல் வாயில் வந்து நின்றது. மாதா காப்பாற்றித்தான் இருக்கிறா, ஸ்டார்ட் ஆகாத சைக்கிளில் எவன் விழுந்து சாவான் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டாங்கியை வடித்துக் கழுவினேன். பெற்றோல் பாயும் ஜெட் துளையை வாயால் ஊதி எடுத்தேன். எல்லாவற்றையும் பூட்டி உதைத்தேன்.

பிடித்தது. வீடு முழுக்க நீலப் புகை. ஓட்டோக்காரர் கை தட்டினார், அண்ணை தான்தான் திருத்தினமாதிரிச் சிரித்தார், கழுதைகள் வெருண்டு ஓடின. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். கதவோரம் நின்றவளின் முகம் விழுந்து கிடந்தது. நண்டுக் கறியும் பாட்டும் எங்கேயிருந்து வந்தன என்று அப்போதுதான் விளங்கியது. எஞ்சினை நிறுத்தினேன்.

"இந்தக் கிழமைதான் நான் நிம்மதியா நித்திரை கொண்டனான்" என்றாள்.

"நாளைக்கு ஞாயிறு. ஓட்டிக்கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன். கமக்காரர் எடுப்பார்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் யோசித்தாள். சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வேண்டாம்" என்றாள். "குடுக்கிறதெண்டா திரும்பவும் அந்த ரோட்டாலதானே ஓடவேணும். இஞ்சயே கிடக்கட்டும்."

அப்படித்தான் சைக்கிள் எனக்கு மிஞ்சியது. லேஞ்சியில் மீதியிருந்த மண்ணை அவளே ஹாண்டிலில் இறுக்கிக் கட்டினாள். டாங்கி மூடிக்கு ஒரு பூட்டு இருக்கிறது, நான் முன்பு அதைக் கவனித்ததே இல்லை. இப்போது அதன் திறப்பு அவளிடம். பெற்றோலும் எண்ணெயும் கலந்து ஊற்றுவது அவள்தான், அண்ணையை விடத் திறமாகக் கலக்கிறாள். கடற்கரை வரை போய்வரத் தாராளமாக ஊற்றுவாள். பட்டினம் சுற்றி வரவும் ஊற்றுவாள். இலுப்பைக்கடவை வரை போகக் காணுமான அளவு இன்னும் ஊற்றியதில்லை. நானும் கேட்கவில்லை.