மச்சானின் ஈரத் துண்டு

என் வேலைப் பையில் மீட்டருக்கும் ஸ்பேனர்களுக்கும் நடுவே பச்சைக் கட்டம் போட்ட துண்டு ஒன்று கிடக்கிறது. என்னுடையது அல்ல, என் மனைவியின் அண்ணனுடையது. மச்சான் என்றாலும் எங்களுக்கு ஒரே வயது, வாடா போடாதான். சேலையூரில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் வேலையை இருவரும் சேர்ந்தே செய்துவந்தோம். போன மாதம் ஒரு வீட்டில் வேலைக்கு நடுவே அவன் நிதானமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன்ன வெச்சுக்கினு பொழைக்க முடியாதுடா" என்று அந்த வீட்டுக்காரர் முன்னாலேயே கத்தித் தொலைத்தேன். என் வாய் அப்படி. அவன் எழுந்து போனான். இப்போது கேளம்பாக்கத்தில் தனியாக வேலை எடுக்கிறான். துண்டு மட்டும் என் பையிலேயே தங்கிவிட்டது.

அந்தத் துண்டின் அருமையை நான் பார்த்தது, இந்தச் சண்டைக்கெல்லாம் முன்னால், அனகாபுத்தூரில், மாவு விற்கும் ஓர் அக்கா வீட்டில். நல்ல வெயில் காலம். மறுநாள் காலை ஒரு வளைகாப்புக்கு இட்லி மாவு கொடுக்க வேண்டும், அதுதான் அவருக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். தூக்குத் தூக்காக மாவை உள்ளே வைத்திருக்கையில் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. சாயங்காலத்துக்குள் ஓடாவிட்டால் அத்தனையும் புளித்துப் பொங்கிவிடும். நான் கம்ப்ரஸரின் மூன்று பின்களில் மீட்டரை வைத்தேன். பொதுப் பின்னிலிருந்து மற்ற இரண்டுக்கும் ரீடிங்கே இல்லை. "உள்ள மோட்டார் காயில் எரிஞ்சு போச்சுக்கா, கம்ப்ரஸரையே மாத்தணும்" என்றேன். "ஐயோ தம்பி, நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டனே!" என்று அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மச்சான் புறங்கையால் கம்ப்ரஸரைத் தொட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டான். பொதுப் பின்னை விட்டுவிட்டு மற்ற இரண்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தான். முள் எழுந்தது. "இன்னா மச்சான் அவசரம்? காயிலு நல்லாத்தான் கீது. சூடு ஏறி உள்ள கட் ஆயிகீது. ஆறட்டும், அப்பால சொல்லு." மோட்டார் அளவுக்கு மீறிச் சுட்டால் உள்ளே ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் கரண்ட்டைத் துண்டித்துவிடும், குளிரும்வரை செத்த மோட்டார் மாதிரியே காட்டும். எனக்கும் தெரிந்த விஷயம்தான். அவசரத்தில் தொட்டுப் பார்க்க மறந்தேன், அவ்வளவுதான். நல்ல கம்ப்ரஸரைக் கழற்றிப் போட இருந்தேனே, பாவி!

கரண்ட்டைப் பிடுங்கிவிட்டுத் துண்டை நனைத்து, பின்களில் ஈரம் படாமல் கம்ப்ரஸரின் தலையில் போட்டான். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். நான் முள்மேல் இருந்தேன். அவனோ அக்கா சுட்டுக் கொடுத்த தோசைக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டான். ஆறியதும் மூன்று பின்னிலும் ரீடிங் வந்தது. கெட்டுப் போயிருந்தது மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்தான், உப்பியிருந்தது. அதை மாற்றியதும் மோட்டார் சன்னமாக உறுமியது. அக்கா அழுதுகொண்டே சிரித்தார். நான் தப்பாகச் சொன்னதை அவன் அங்கேயும் குத்திக்காட்டவில்லை, என் மனைவியிடமும் சொல்லவில்லை.

இன்று கேம்ப் ரோடு பக்கம் ஒரு பேக்கரியில் அதே கதை. தொட்டேன், சுட்டது. துண்டை நனைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது அவனைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. போனை எடுத்து, "மச்சான், பொதுப் பின்னுல ரீடிங் வரல, இன்னா பண்றது?" என்றேன்.

எனக்கு விடை தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

"தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"கை வெக்காத. வந்துகினே இருக்கேன்."

கேளம்பாக்கத்திலிருந்து வர நேரமாகும். அதற்குள் கம்ப்ரஸர் ஆறிவிட்டது. நான் மீட்டரை எடுக்கவில்லை. துண்டை இன்னொரு தடவை நனைத்துப் பிழிந்து, அதன் தலையில் போட்டுவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.