கானாடுகாத்தானில் ஒரு பீங்கான் அறை

காலை ஒன்பதரை மணிக்குச் செட்டிநாடு ஸ்டேஷனில் இறங்கினோம். திருச்சியிலிருந்து இந்தப் பக்கம் ரயில் வந்த புதிது. கானாடுகாத்தானுக்கு ஒன்றரை மைல், மாட்டுவண்டிக்கு மூன்றணா. உடன் வந்தவள் என் தங்கை சிவகாமி. ஆறு வயதில் அம்மை வார்த்து அவளுக்குப் பார்வை போய்விட்டது. பீங்கான் பார்க்கவா இவளை அழைத்துப் போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். வருவேன் என்று பிடிவாதம் பிடித்தது அவள்தான்.

ரங்கூனில் தொழில் செய்த கணவர் வாங்கிக் குவித்த சாமான்களை, அவர் காலமான பின் மீனாட்சி ஆச்சி இரண்டு அறைகளில் அடுக்கி, வெள்ளிக்கிழமைகளில் யாரும் வந்து பார்க்கலாம் என்று திறந்துவிட்டிருக்கிறார். கட்டணம் கிடையாது. முதல் அறையில் பர்மாத் தேக்கு நாற்காலிகள், பளிங்கு மேசை, ஆளுயர நிலைக்கண்ணாடி. இரண்டாவது அறை முழுக்கச் சீனத்து, ஜப்பானியப் பீங்கான். நான் ஒவ்வொன்றாக விவரிக்க, சிவகாமி தலையாட்டிக்கொண்டே வந்தாள், முகத்தில் சுரத்தில்லை. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கூடவே நின்ற கணக்குப்பிள்ளை, கூடாது என்றார் உடனே. எங்களோடு வந்துகொண்டிருந்த ஆச்சி சற்று யோசித்தார்.

"தொடட்டும் பிள்ளை. அதுக்கு வேற எப்படித் தெரியும்?"

பாயில் உட்காரவைத்து, தட்டும் கிண்ணமுமாக மடியில் கொடுத்தோம். மயில் தோகை, தாமரை இதழ் என்று விரல்களாலேயே கண்டுபிடித்துச் சிரித்தாள். கடைசியாக, இரண்டு கைப்பிடி வைத்த பெரிய நீலப் பூச்சாடி. ஒரு கைப்பிடியின் அடியில் அவள் விரல் நின்றது.

"அண்ணே, இங்க ஒட்டியிருக்கு."

கணக்குப்பிள்ளையின் முகம் வெளுத்தது. ஒன்பது வருடங்களுக்கு முன் துடைக்கும்போது கைதவறி உடைத்ததையும், அரக்கு வைத்து ஒட்டி மேலே நீலம் பூசியதையும், அன்றுமுதல் அதை வேறு யாரையும் தொடவிடாததையும் கைகட்டி நின்று மெல்லச் சொன்னார். ஏன்தான் வந்தோமோ என்றிருந்தது எனக்கு.

ஆச்சி சாடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவுக இருந்தவரைக்கும் இதுல ஒரு பூ வைக்க விடலை, கறை படிஞ்சிரும்னு. நீங்க என்னடான்னா ஒம்பது வருசமா இதை மனசுல சுமந்துக்கிட்டு இருந்திருக்கீக." சாடியை அவரிடமே நீட்டினார். "தண்ணி ஊத்திக் கொண்டாங்க. இனிமே இதுல பூ வைக்கலாம்."

நந்தியாவட்டை பறித்து வந்தார்கள். சிவகாமிதான் ஒவ்வொன்றாகச் செருகினாள். பகல் சாப்பாடு சாப்பிடாமல் ஆச்சி எங்களைப் போகவிடவில்லை. கணக்குப்பிள்ளை தானே இலை போட்டுப் பரிமாறினார். சிவகாமிக்கு மட்டும் இரண்டு முறை பாயசம்.

மாலை நாலே முக்கால் வண்டியில் திரும்பினோம். எங்கள் வீட்டில் இருக்கும் பீங்கான் இரண்டே கோப்பைகள். விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று அம்மா பரணில் வைத்தவை. மறுநாள் காலை சிவகாமி அவற்றை இறக்கச் சொல்லிக் கழுவி, அம்மாவுக்கு ஒன்றிலும் தனக்கு ஒன்றிலும் காபி ஊற்றினாள்.