ஆறு மணிக்கு ஐந்து கணக்கு

எதிர்வீட்டுக்காரியை நான் நேரில் "அக்கா" என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் அவளுக்கு வேறு பெயர்கள் உண்டு. அவற்றை இங்கே எழுத முடியாது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. பாடாங் செராயில் நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, லாரியிலிருந்து சாமான் இறக்கி முடிப்பதற்குள் ஆறு பொட்டலம் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதுதான் காரணம்.

அவள் மகனும் என் மகளும் தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பு, ஐந்தாம் ஆண்டு. என் மகளுக்குக் கணக்கு வராது. பெருக்கல் எப்படியோ தட்டுத்தடுமாறி வந்துவிடும். பின்னம் என்றால் முகமே சுருங்கிவிடும். எனக்கு அது பெரிய பயம். பள்ளியில் நான் கணக்கில் கெட்டிக்காரி. ஆனாலும் ஐந்தாம் படிவம் முடித்ததும் கையுறை பாக்டரியில் போய் நின்றேன், இன்னும் அங்கேதான் நிற்கிறேன். கணக்கு வந்த எனக்கே இந்தக் கதி என்றால், வராத இவளுக்கு என்ன கதி என்று நான் யோசிக்காத நாள் இல்லை.

அந்த வருஷம் ஜித்ரா பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த கணித டீச்சர் ஒரு பழக்கத்தை ஆரம்பித்தார். எங்கள் ஊரில் வெள்ளி, சனிதான் விடுமுறை; ஞாயிறு முதல் வியாழன் வரை, பள்ளி உள்ள நாளெல்லாம், காலை ஆறு மணிக்கு வாட்சாப் குரூப்பில் ஐந்து கணக்குகள் வந்து விழும். பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் ஒரு தாளில் போட வேண்டும். அதைப் படம் எடுத்து அதே குரூப்பில் அனுப்புவது பெற்றோர் வேலை. ஓடுகிறவர்கள் ஓடுவதற்கு முன்னால் கைகாலை உதறிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி என்று டீச்சர் சொன்னார். மதிப்பெண் கிடையாது, பரிசு கிடையாது. வந்த படத்துக்குக் கீழே ஒரு கட்டைவிரல் போடுவார், அவ்வளவுதான்.

அந்தக் கட்டைவிரலைத் தினமும் முதலில் வாங்கியது எதிர்வீட்டுப் பையன்.

அவர்கள் வீட்டில் நான்கு மணிக்கே விளக்கு எரியும். அவள் நாசி லெமாக் கட்டிக் கடைகளுக்குப் போடுகிறவள். பொட்டலங்கள் அடுக்கிய மேசையின் ஓரத்திலேயே பையன் உட்கார்ந்து கணக்குப் போடுவான். என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவனுடைய குனிந்த தலை தெரியும். என் வீட்டிலோ மகாராணி கண்ணை மூடிக்கொண்டு பல் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

டேட்டா தீர்ந்துவிடும் என்று, படங்கள் தானாக இறங்காதபடி போனில் வைத்திருந்தேன். அதனால் அவர்கள் அனுப்பும் தாள் எனக்கு மங்கலாகத்தான் தெரியும். திறந்து பார்க்கவும் மாட்டேன். மூலையில் இருக்கிற நேரத்தை மட்டும் பார்ப்பேன். ஆறு ஏழு. மறுநாள் ஆறு ஆறு. எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் பசாரில் மீன் வாங்கும்போது அவள் சொன்னாள், "உன் மகளப் பாத்தா ஆசையா இருக்குலா. எவ்ளோ பொறுமையா போடுறா. என் பையன் அவசரக்குடுக்கை."

பெருமை பீற்றிக்கொள்வதிலும் இவளுக்கு ஒரு பணிவு என்று நினைத்துக்கொண்டேன். வாங்க வந்த மீனை விட்டுவிட்டு வேறு மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் சொல்லித்தான் கொடுத்தேன். அடுத்த வாரம் விடையைச் சொல்லி எழுத வைத்தேன். அவள் எழுதுவதும் மெதுவாக இருந்தது. அதற்கடுத்த வாரம் பேனாவை நானே வாங்கிக்கொண்டேன். அவள் கையெழுத்து மாதிரியே எண்களைச் சாய்த்து எழுதப் பழகினேன். ஐந்து கணக்கும் எனக்கு மூன்று நிமிஷ வேலை.  மகள் பக்கத்தில் நின்று, பாதிப் பின்னிய சடையைத் தானே பின்னி முடித்துவிட்டு மைலோ குடித்தாள்.

ஆறு நான்குக்கு எங்கள் படம் போனது. முதல் கட்டைவிரல் எங்களுக்கு. அன்றைக்கு பாக்டரி பஸ்ஸில் எல்லாரிடமும் சிரித்துப் பேசினேன். எதிர்வீட்டுக்காரி குரூப்பில் கைதட்டல் படம் ஒன்று அனுப்பினாள். அவள் அதை மட்டும் அனுப்பாமல் இருந்திருந்தால் என் சந்தோஷம் முழுசாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. பிறகு அரையாண்டுத் தேர்வு வந்தது. தேர்வு முடிந்த வாரம் டீச்சர் என்னைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்.

மேசையில் மகளின் தேர்வுத் தாள் இருந்தது. பின்னக் கணக்கு ஒன்றுகூடச் சரியில்லை. பழைய முகச் சுருக்கத்தை விடைத்தாளிலேயே பார்க்க முடிந்தது.

"காலைல அனுப்புறது எல்லாம் சரியா இருக்கேம்மா. தேர்வுல மட்டும் ஏன் இப்படின்னு எனக்குப் புரியல" என்றார் டீச்சர். "காலைல யாருக்கு எது வரலன்னு பார்த்து வச்சுக்குவேன். வகுப்புக்குப் போனதும் அவங்களத்தான் முன்னால உட்கார வச்சுச் சொல்லிக் கொடுப்பேன். இவளுக்கு எல்லாம் வருதேன்னு பின்னால விட்டுட்டேன்."

 டீச்சர் தன் போனைத் திருப்பி, வந்திருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். மூன்றாவதாக வந்தது எதிர்வீட்டுப் பையனுடைய தாள். பெயர் தெளிவாக எழுதியிருந்தது. ஐந்து கணக்கில் மூன்று தப்பு.

"இவன் ஆரம்பத்துல அஞ்சும் தப்பாத்தான் போடுவான். இப்ப தேறிட்டான்" என்றார் டீச்சர்.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. சந்தோஷம். மூன்று தப்பு! அப்பாடா என்று இருந்தது. அந்த நாற்காலியில், என் மகளின் தேர்வுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொருத்தி பிள்ளையின் தப்பை எண்ணிச் சந்தோஷப்பட்டேன். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தபோது மொத்தமாக வந்தது. இவ்வளவு நாளும் அவள் எல்லார் கண்ணிலும் படும்படி மகனின் தப்பைத் தினமும் முதல் ஆளாக அனுப்பியிருக்கிறாள். நான் நேரத்தை மட்டும் பார்த்து வெந்திருக்கிறேன்.

"நான்தான் எழுதினேன், டீச்சர்" என்றேன்.

அவர் போனைக் கீழே வைத்தார். "நாளையிலிருந்து அவளே போடட்டும்மா" என்றார்.

மறுநாள் பேனாவை மகளிடம் கொடுத்தேன். "தப்பா வந்தா?" என்று கேட்டாள்.

"தப்பாவே அனுப்புவோம்."

அவள் நம்பவில்லை. ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். இருபது நிமிஷம் ஆனது. வாயைத் திறக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நாலு தப்பு. படம் எடுத்தேன். அனுப்பவேண்டிய இடத்தில் விரல் நின்றுவிட்டது. எதிர்வீட்டுக்காரி பார்ப்பாளே! முதல் கட்டைவிரல் வாங்கிய பிள்ளைக்கு நாலு தப்பா என்று நினைப்பாளே! மகள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்பினேன்.

ஒரு நிமிஷத்தில் எதிர்வீட்டிலிருந்து குரல்பதிவு வந்தது. "தங்கச்சி, இவனுக்கும் அதே கணக்குதான் தப்பு. காலைல ரெண்டு பேரும் இங்கயே உட்காரட்டுமே. எப்படியும் விளக்கு எரியுதுலா."

அந்தப் பெரிய மனசு மேலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். அதற்குள் மகள் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து ஆறு மணிக்கு அவள் எதிர்வீட்டில். நான் பாக்டரி பஸ்ஸுக்காக கேட்டருகே நிற்கும்போது, அவர்கள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தால் பேச்சு கேட்கும். போன வாரம் ஒருநாள் கேட்டது.

"அரையும் மூணுல ஒண்ணும் சேத்தா அஞ்சுல ரெண்டா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "அரைக்கு மேல இன்னும் போட்டிருக்கியே, எப்படிலா அரையை விடக் கொறஞ்சு போச்சு? நடுவுல யாரு தின்னா?"

பையன் சிரித்தான். அவனுக்கு மேலே என் மகள் சிரித்தாள். "ஐயோ பெரியம்மா, தப்புலா! நான் போட்டது மொத்தமா தப்பு!" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

பஸ் வந்து ஹாரன் அடித்தது. நான் கேட்டைப் பிடித்தபடி நின்றேன். அவளுக்குப் பதினோரு வயது. தப்பாகப் போட்டுவிட்டு என் முன்னால் அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.