பார்வதி அக்காவின் கார்ட்லெஸ் போன்

எண்பதுகளில் ஈப்போ நகரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். வயர் இல்லாத கார்ட்லெஸ் போன் அப்போதுதான் வந்திருந்தது. அதை ரிப்பேர் செய்து டெஸ்ட் பண்ண எங்களுக்கு ஒரு வழி உண்டு. மேசை ரேடியோவில் மீடியம் வேவ் முள்ளைக் கடைசிவரை தள்ளினால் போனில் பேசுவது அப்படியே கேட்கும். பக்கத்துத் தெருப் போனும் கேட்கும். வேலையில்லாத நேரத்தில் அதைப் போட்டுவிட்டு டீ குடிப்போம். கடைக்கு வருகிறவர்களும் நின்று கேட்டுச் சிரிப்பார்கள். வெட்கங்கெட்ட பொழுதுபோக்கு. நானும் சிரித்தவன்தான்.

பின்தெருவில் குடியிருந்த பார்வதி அக்கா, சுங்காய் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தை விட்டு பேக்டரி வேலைக்கு வந்தவர். ஒரே காரணத்துக்காகத்தான் அந்தப் போனை வாங்கினார்.

"பலகை வீடு தம்பி. ஹால்ல பேசுனா பக்கத்து வீட்டுக்கே கேக்குது. இதுன்னா பின்னாடி போயி மெதுவா பேசலாம்லா."

மெதுவாகப் பேசினாலும் ரேடியோவுக்கு ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். முதலாளி முறைத்தார். அக்கா போனதும், "அதெல்லாம் சொன்னா எவன் வாங்குவான்? வாய மூடிக்கிட்டு வேலயப் பாரு" என்றார். மூடிக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் ரேடியோவில் அக்காவின் குரல் வந்தது. தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார். கல்யாணம் பேசியிருக்கும் மகளுக்கு வலிப்பு உண்டு, இன்னும் மருந்து சாப்பிடுகிறாள் என்றார். "நிச்சயத்துக்கு முன்னாடி மாப்பிள்ளைகிட்ட நானே சொல்லிர்றேன். அதுவரைக்கும் நீ யாருகிட்டயும் மூச்சு விட்றாத."

நான் ரேடியோவை அணைக்கவில்லை. கவுண்டரில் டீ குடித்துக்கொண்டிருந்த சிம்பாங் பூலாய் ஊர் லாரிக்காரர் திடீரென்று சிரிப்பை நிறுத்தினார். அவர் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தக்காரர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரமே கல்யாணப் பேச்சு முறிந்தது.

அக்கா வந்து போனைக் கவுண்டர்மேல் வைத்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"தம்பி, உண்மையச் சொல்லு. இதுல பேசறது வெளிய யாருக்காச்சும் கேக்குமா? விஷயம் என் தங்கச்சிக்கு மட்டுந்தான் தெரியும். அவ நான் சொல்லலன்னு சத்தியம் பண்றா."

என் முதுகுக்குப் பின்னால் அந்த ரேடியோ இருந்தது. முதலாளி பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை.

"கேக்காதுக்கா" என்றேன்.

"அப்ப அவதான்" என்றார். போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பல வருஷம் கழித்துத் தங்கை இறந்தபோதுகூட அக்கா போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விற்கும்போதே சொல்லிவிடுங்கள்: இதில் பேசுவதை யாரும் கேட்கலாம், வீட்டு ரகசியத்தை வயர் போனில் பேசுங்கள் என்று. அதைச் சொல்ல எனக்கு இரண்டு தடவை வாய்ப்புக் கிடைத்தது.