எண்டர் தட்டும் முன் வந்த போன்

போன வருடம், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. இடம் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் ஆபீஸ். பாடி மேம்பாலத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கி பஸ் நகரவே இல்லை. நனைந்த செருப்போடு உள்ளே நுழைந்தால், என் சீட்டைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள்.

நாங்கள் சின்ன ஆஸ்பத்திரிகளின் ரத்த வங்கிகளுக்கு மென்பொருள் செய்து தருகிறோம். எந்த ரத்தப் பை எந்த நோயாளிக்குப் பொருந்தும் என்ற டெஸ்ட் முடிவெல்லாம் அதில்தான் இருக்கும். பையில் கட்டும் சீட்டும் அதிலிருந்துதான் அச்சாகும். சீட்டு இல்லாமல் பை வெளியே போகாது.

இந்த மென்பொருள் ஓடுவது எங்கள் ஆபீஸில் இல்லை. எங்கோ இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டர்களில், கன்டெய்னர் என்று சொல்லும் சின்னச் சின்னப் பெட்டிகளாக ஓடுகிறது. ஒரு பெட்டி மக்கர் செய்தால் கொன்றுவிடுவோம். அதே மாதிரி இன்னொன்று தானாக முளைத்துவிடும். "கொன்னுடு, வந்துரும்" என்பது எங்கள் ஆபீஸில் காபி குடிப்பது போலப் பழகிப்போன விஷயம்.

டேட்டாபேஸ் மட்டும் அந்தக் கணக்கில் வராது. அத்தனை விவரமும் எழுதப்படும் டிஸ்க் அதன் கையில் இருக்கிறது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு பெட்டிதான் அந்த டிஸ்க்கில் எழுத வேண்டும். ஓடும் பஸ்ஸின் ஸ்டியரிங்கை ரெண்டு டிரைவர்கள் பிடித்தால் என்ன ஆகும்? அதேதான்.

அன்றைக்கு டேட்டாபேஸ் ஓடிய கம்ப்யூட்டர் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. ஸ்கிரீனில் சிவப்பு. கூப்பிட்டால் பதில் இல்லை. பழைய பெட்டி சாகவும் இல்லை, போகவும் இல்லை. 'முடிந்துகொண்டிருக்கிறது' என்றே காட்டியது. அது போனால்தான் புதுசு வரும்.

மேனேஜர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். கோயம்புத்தூர்க்காரர். கத்தும்போதும் மரியாதையாகத்தான் கத்துவார். "இன்னும் எவ்வளவு நேரமுங்க? பூந்தமல்லில இருந்து மூணு தடவ கூப்பிட்டுட்டாங்க. என்னமோ பண்ணுங்க." அவர் ஒவ்வொரு முறை பெருமூச்சு விடும்போதும் என் கழுத்தில் சூடாகப் பட்டது. எழுந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று இருந்தது.

பக்கத்து சீட்டுக்காரன் ஆவடி ஆள். "இன்னாத்துக்கு யோசிச்சுகினு கீற? ஃபோர்ஸ் போட்டு தூக்கு. அதான் செத்துப்போச்சே."

எனக்கும் அது செத்துவிட்டது என்றுதான் தோன்றியது. கட்டாயமாக அழிக்கும் கட்டளையை டைப் செய்தேன். எண்டர் தட்டுவதுதான் பாக்கி. போன் அடித்தது. கட் செய்தேன். மறுபடி அடித்தது. எரிச்சல் தலைக்கேறி, திட்டுவதற்காகவே எடுத்தேன்.

நான் வாயைத் திறக்கும் முன் அந்தப் பக்கத்திலிருந்து திட்டு விழுந்தது. பூந்தமல்லி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்த வங்கி டெக்னீஷியன். பெண் குரல்; ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் என்று நினைத்தேன்.

"ஏம்மா, கட் பண்ணிகினே இருந்தா இன்னா அர்த்தம்? சேவ் பண்ணா ஆவுது, லிஸ்ட்ட தொறந்தா சுத்திகினே கீது. இன்னாமா சாஃப்ட்வேரு இது?"

"அதெல்லாம் சேவ் ஆகாதுங்க. மொத்தமா எல்லாம் டவுன்," என்றேன்.

"நான் இன்னா பொய் சொல்றேனா? பச்ச கலர்ல 'சேவ்டு'ன்னு வந்துச்சு."

"எப்போ?"

"இப்பதாம்மா. உனக்கு போன் போட்டுகினே ஒரு ரிசல்ட் ஏத்தினேன்."

விரல் எண்டர் கீயின் மேலேயே இருந்தது. எடுத்தேன்.

அந்தப் பெட்டி சாகவில்லை. எங்களோடு பேச்சுதான் அறுந்திருந்தது. புதிதாகக் கதவைத் தட்டியவர்களுக்கு அது திறக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருந்த ஒன்றிரண்டு இணைப்புகள் வழியாக அது இன்னும் எழுதிக்கொண்டிருந்தது. நான் எண்டர் தட்டியிருந்தால் பழையது எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே டிஸ்க்கைப் புதுப் பெட்டியிடமும் கொடுத்திருப்பேன். எந்தப் பை யாருக்கு என்பது கலைந்திருக்கும். கலைந்தது யாருக்கும் தெரியாமல் சீட்டும் அச்சாகியிருக்கும்.

"பேசுமா. ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு பொண்ணுக்கு கொழந்த பொறந்து ரத்தம் நிக்கல. போன ஷிப்டுல டெஸ்ட் பண்ணி வெச்சிட்டு போய்ட்டாங்க. எந்தப் பையின்னு உன் லிஸ்ட்டுலதான் கீது."

"லிஸ்ட்ட நம்பாதீங்க," என்றேன். "திரும்ப வந்தாலும் நான் சொல்ற வரைக்கும் நம்பாதீங்க. புதுசா எதுவும் சேவ் பண்ணாதீங்க. அந்தப் பொண்ணுக்கு மறுபடி கையால டெஸ்ட் பண்ணிடுங்க."

"முதல்லேர்ந்தா? அவ்ளோ நேரத்துக்கு நான் எங்க போவேன்?"

"ஆமா, முதல்லேர்ந்து."

மேனேஜர் போனைக் கட் செய்யச் சொல்லி சைகை காட்டினார். கஸ்டமரிடம் இப்படியா பேசுவது என்று அவருக்குக் கவலை. "அப்ப நீங்க பேசுறீங்களா?" என்று போனை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

அடுத்து, பழைய கம்ப்யூட்டரை நிஜமாகவே நிறுத்த வேண்டும். அதற்கு வாடகைக் கம்பெனியின் தளத்துக்குள் நுழைய வேண்டும். நுழைவதற்கான ரகசிய எண் ஒரே ஒருத்தரின் போனில்தான் வரும். அவர் லீவு. பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு மண்டபத்தில் அவர் மகளுக்குக் காதுகுத்து. இத்தனை ஆஸ்பத்திரிகளின் ரத்தக் கணக்கு ஒரு மனுஷனின் சட்டைப் பையில் இருக்கிறது. இதை யார் யோசித்தார்களோ, அவர்களைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும்.

நல்லவேளை, எடுத்தார். பின்னால் மேளம், குழந்தையின் வீறல். "மடில வெச்சுகினு கீறேன்பா, ஆசாரி ஊசிய கையில எடுத்துட்டாரு," என்றார். நம்பரைச் சொன்னார். நான் அடித்து முடிப்பதற்குள் காலாவதியாகி அடுத்த நம்பர் வந்துவிட்டது. மறுபடி கேட்டேன். "ஒரு காது முடிஞ்சிச்சு, சொல்றேன் இரு," என்று அதையும் சொன்னார். கதவு திறந்தது. கம்ப்யூட்டரை நிறுத்தினேன். அது முழுசாக நின்றுவிட்டது என்று திரை சொல்லும் வரை காத்திருந்தேன். கீழே லேத் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு டிஸ்க் விடுபட்டது. புதுப் பெட்டி எழுந்தது. அது உடனே வேலைக்கு வரவில்லை. பழையது விட்ட இடத்தை வரி வரியாகச் சரிபார்த்தது. அந்த நேரத்தில் என் வாழ்க்கையில் செய்த அத்தனை வேண்டுதலையும் திரும்பச் செய்தேன்.

வந்தது. முதல் வேலையாகக் கடைசிப் பதிவைத் தேடினேன். அந்தம்மா போன் போட்டுக்கொண்டே ஏற்றிய டெஸ்ட் முடிவு, அவர் பெயரோடு, அப்படியே இருந்தது. ஆவடிக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு டீ வாங்கி வரப் போனான்.

பூந்தமல்லிக்குப் போன் போட்டேன். "சரியாகிடுச்சுங்க. இப்ப லிஸ்ட்ட நம்பலாம்."

"இப்ப வந்து சொல்ற. நான் கையால டெஸ்ட் பண்ணி எப்பவோ குடுத்தாச்சு."

"அந்தப் பொண்ணு எப்படி இருக்காங்க?"

"ரத்தம் ஏறிகினு கீது. போன வை, வேல கீது."

வைத்துவிட்டார். நான் நன்றி சொல்லவே இல்லை. அவரை இன்றுவரை நேரில் பார்த்ததும் இல்லை. தான் எதைத் தடுத்தார் என்பது அவருக்குத் தெரியாது.

நான் மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கோபம் இன்னும் வருகிறது, அவசரமும் வருகிறது. ஆனால் எதையாவது செத்துவிட்டது என்று முடிவு கட்டும்போதெல்லாம், அந்தப் பக்கம் யாராவது இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்ற பயம் வந்து என் விரலைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பயம் போகவே கூடாது என்றுதான் நினைக்கிறேன்.