இடது கண் கண்டது

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் நெடுந்தீவில் எங்கள் துறையில் முதன்முதல் வள்ளத்துக்கு மிசின் பூட்டினவன் நான்தான். அதுக்கு முன்னம் அக்கரைக்குப் போகச் சனம் காற்றுக்குக் காத்துக் கிடந்தது; பிறகு எனக்குக் காத்து நின்றது. நான் கரைக்கு வர முன்னமே என் மிசின் சத்தம் ஊருக்குள் போய்விடும். அதைக் கேட்டு உலை வைத்த வீடுகளும் உண்டு.

கலியாணம் முடித்து எட்டு வருஷத்துக்குப் பிறகு எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தாள். இடது நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் சிவப்பு மறு. மூன்றாம் மாதம் அது இமையில் தடித்து, கொவ்வைப்பழம் மாதிரித் தொங்கி, கண்ணை மூடிவிட்டது. கிரகணத்தில் வெளியே திரிந்திருப்பாள் என்று என் மனைவியைப் பற்றிப் பெண்டுகள் கதைத்தார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பிள்ளையையும் தாயையும் வள்ளத்தில் ஏற்றிக் குறிகட்டுவானில் இறக்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

மாதக்கணக்காக மருந்து. வாடைக்காற்றிலும் ஒரு தவணை விடவில்லை. மறு மெல்ல வற்றி இமை எழும்பியது. இனிப் பயமில்லை என்றிருந்தேன். டொக்டர் ஐயா டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மூடிக்கிடந்த கண் பார்க்கப் பழகவில்லை என்றார். நல்ல கண்ணை ஒவ்வொரு நாளும் சில மணித்தியாலம் பிளாஸ்டரால் மூடி ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் இடது கண் திறந்திருந்தும் பார்வை வராதாம்.

ஒட்டுவதற்கு மனைவிக்கு ஏலவில்லை, பிள்ளை கத்தினதும் பாதியில் விட்டுவிட்டாள். நான் ஒட்டினேன். காலமை தொழிலுக்குப் போக முன்னம் ஒருக்கால், திரும்பி வந்து ஒருக்கால். பிள்ளை உடம்பை முறித்துக்கொண்டு கத்துவாள். ஒரு கிழமைக்குள் என் கையைக் கண்டாலே அழுகை. பிறகு மிசின் சத்தம் கேட்டாலே அழுகை. மீன் விற்க வருகிற மனிசியிடம் தாவுவாள், முன்பின் தெரியாதவர்களிடமும் போவாள், என்னிடம் மாத்திரம் வரமாட்டாள். ஊர் முழுக்க நான் வரக் காத்து நிற்க, என் பிள்ளை நான் போகக் காத்திருந்தாள்.

அவளைத் தோளில் வைத்துக்கொண்டு துறைவரைக்கும் ஒருக்கால் நடக்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அவள் நித்திரையானால் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பேன், தொடமாட்டேன். என் முகத்தைப் பார்த்துப் பொறுக்காமல், தான் ஒட்டிப் பழகட்டோ என்று மனைவி கேட்டாள்.

"வேண்டாம். உம்மிட்டையும் வராட்டில் பிள்ளை ஆரிட்டைப் போறது?" என்றேன்.

ஒருநாள் நடுக்கடலில் என் மிசின் நின்றுவிட்டது. துடுப்புப் போட்டு வள்ளத்தைக் குறிகட்டுவானில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, பாய்வள்ளம் ஒன்றில் ஏழெட்டுப் பேருக்கு நடுவில் குனிந்துகொண்டு வந்தேன். அந்த வள்ளக்காரன் சும்மா விடுவானோ?

"எங்கட பாய்க்கு எண்ணெய் விடத் தேவையில்லை அண்ணை," என்றான்.

சனம் சிரித்தது. நான் கரையைப் பார்த்தேன். மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். காலமை நான் ஒட்டியது இன்னும் கழற்றாமல் வலது கண்ணில் அப்படியே இருந்தது. மிசின் சத்தமில்லை, ஒருவரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. பிள்ளை தலையைச் சரித்து வள்ளத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், என்னில் வந்து நின்றாள். பிறகு வீரிட்டு அழுது, தாயின் கழுத்துக்குள் முகத்தை ஒளித்தாள்.

"இஞ்சேருங்கோ, கண்டிட்டாள்," என்றாள் மனைவி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு. "அந்தக் கண்ணாலை உங்களைக் கண்டிட்டாள்."

முழங்கால் தண்ணீரில் இறங்கி ஓடிப்போய்க் கையை நீட்டினேன். வரவில்லை.

ஒட்டுவதை நிறுத்தியபிறகும் கனகாலம் வரவில்லை. வந்தபோது நடக்கிற பிள்ளை. தூக்கிற வயது போய்விட்டது. இப்போது யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படிக்கிறாள். மறு வெளிறி, கிட்ட நின்று பார்த்தால்தான் தெரியும். அப்பாதான் கண் தந்தவர் என்று தோழிகளுக்குச் சொல்வாளாம்.

லீவில் வந்து நிற்கிற நாட்களில் பின்னேரம் துறைக்கு வருவாள். அந்த நாட்களில் கரைக்குத் தூரத்திலேயே நான் மிசினை நிற்பாட்டிவிடுவேன். ஏறி வந்த சனம் புறுபுறுக்கும். புறுபுறுக்கட்டும், மிசின் இல்லாமலும் வள்ளத்தைக் கரை சேர்க்க எனக்குத் தெரியும். துடுப்போடு ஆட்களுக்கு நடுவில் போய் இருந்துகொண்டு, அவள் என்னைக் கண்டுபிடித்துக் கை தூக்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன்.