காப்பி நிறக் குட்டி

"அக்கா, இது எங்க டைகருக்குப் பொறந்தது இல்ல."

கூடைக்குள் கிடந்த குட்டிகளைப் பார்த்தபடியே லிங்கேஷ் சொன்னான். சண்முகசுந்தரிக்கு முதலில் விளங்கவில்லை. அவன் வாசுதேவநல்லூர்க்காரன். யார்க்‌ஷயர் டெரியர் என்கிற சின்னஞ்சிறு நாய்களை வளர்த்து விற்பவன். அவனுடைய ஆண்நாய் டைகரோடுதான் அவள் அதே இனத்தைச் சேர்ந்த தன் சிட்டுவை இணை சேர்த்திருந்தாள். பிறக்கிற குட்டிகளில் ஒன்றை அவன் முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

அந்த இனத்துக் குட்டிகள் கறுப்பும் செம்பழுப்புமாகப் பிறக்கும். மூன்று அப்படித்தான் இருந்தன. நாலாவது மட்டும் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். மூக்குகூடக் கறுப்பில்லை.

"கேட்டை எப்பவாவது தொறந்து விட்டுட்டியளா?"

"வாசப்படி தாண்ட விடல தம்பி."

"தெருநாய் கலந்திருக்கு. இதுல ஒரு குட்டியும் எனக்கு வேண்டாம்."

சாயங்காலத்துக்குள் நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் குரல் ஓடிக்கொண்டிருந்தது. சங்கரன்கோவில் அக்கா வீட்டுக் குட்டிகளை யாரும் வாங்க வேண்டாம் என்றான். குட்டி கேட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள்.

சுந்தரி பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள். துபாய்க்குக் குடிபோன கடையநல்லூர்க் குடும்பம் ஒன்று விட்டுச்சென்ற நாய் சிட்டு. அதைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தாள். இப்போது கூடத்தில் கூட வேலை செய்பவர்களே வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவள் கணவர் செல்லச்சாமி சிவகிரிக்கு மினிபஸ் ஓட்டுகிறவர். அவரையும் பஸ்ஸில் கேலி பேசியிருக்கிறார்கள்.

"ஏட்டி, அந்த ஒண்ண எங்கனயாவது குடுத்துரு. கண்ணுல பட்டாத்தான பேச்சு" என்றார்.

அவள் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவர் ஷமீராவிடம் போனாள். ஷமீரா குட்டியின் உதட்டையும் கண்ணையும் வெளிச்சத்தில் பார்த்தார்.

"இந்த நெறம் அபூர்வம்மா. தாய், தகப்பன் ரெண்டு பேர்ட்டயும் மறைஞ்சிருந்தாத்தான் குட்டியில வெளிய வரும். பாக்க ரெண்டும் கறுப்பாவே இருக்கலாம். ஆனா தகப்பன் டைகர்தானான்னு டெஸ்ட் எடுத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். அதோட எச்சில் வேணும்."

மறுநாளே வாசுதேவநல்லூருக்கு பஸ் ஏறினாள். லிங்கேஷ் கதவைப் பாதிதான் திறந்தான். "டைகரைத் தொட விடமாட்டேன்" என்று சொல்லி அடைத்துக்கொண்டான்.

குட்டிகள் ஓடியாடத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அவனே வந்து நின்றான். பேச்சில் குழைவு.

"பெங்களூர்ல ஒருத்தர் இந்தக் கலரத்தான் தேடுதாராம். பொட்டக் குட்டிதான? எனக்குள்ள குட்டியா இதையே எடுத்துக்கிடுதேன். கொஞ்சம் வளத்து டைகரோட சேத்தா, இன்னும் நாலு இப்படி வரும்."

சுந்தரிக்கு உடம்பு கூசியது.

"தகப்பனோடயா?"

அவன் கண்ணை வேறு பக்கம் திருப்பினான்.

"டைகர்ட்டயும் இந்த நெறம் இருந்தாத்தான இன்னும் நாலு வரும்? அப்ப டைகர்தான் தகப்பன்னு ஒனக்குத் தெரியும்."

அவன் மெல்லச் சொன்னான். "டைகர் கூடப் பொறந்ததுலயும் ஒண்ணு இப்படி வந்துச்சுக்கா. வெளிய தெரிஞ்சா எவனும் டைகர்ட்ட வரமாட்டான்னு மறைச்சிட்டேன்."

"குழுவுல இதச் சொல்லு. அப்புறம் பேசுவோம்."

வேறு வழி தெரியாமல் அவன் போனை எடுத்து அதையே குரல் பதிவாகப் பேசி அனுப்பினான். அது குழுவில் போய்ச் சேர்ந்ததை அவள் பார்த்துக்கொண்டாள். உடனே அவன் கூடைக்குள் கைவிட்டுக் காப்பி நிறக் குட்டியைத் தூக்கினான். குட்டி வீறிட்டது. சிட்டு பாய்ந்து அவன் பேண்ட்டைக் கவ்வியது.

"கீழ விடு தம்பி. அன்னைக்கு உன்னத்தான் மொதல்ல எடுக்கச் சொன்னேன். ஒண்ணும் வேண்டாம்னு போயிட்ட. ஆனாலும் பேசுன பேச்சுக்கு ஒரு கறுப்புக் குட்டி தாரேன். இது கெடையாது."

"கேட்டு வாங்க வரல, எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்."

அப்போது டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு செல்லச்சாமி வாசலில் வந்து நின்றார். வழியை விடவில்லை.

"அவ சொல்லுதாள்லா? குட்டியக் கீழ வையி."

குரல் உயரவே இல்லை. லிங்கேஷ் அவரையும் பேண்ட்டைக் கவ்வியிருந்த நாயையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குட்டியைக் கூடையில் விட்டுவிட்டு, ஒரு கறுப்புக் குட்டியை எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனான்.

பின்வாங்கியவர்களில் ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். மற்றவர்கள் வரவில்லை. சுந்தரி அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டாள். சிட்டுவுக்கும், பருவம் வந்ததும் காப்பி நிறக் குட்டிக்கும், ஷமீராவிடம் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யவைத்தாள். தெருவில் அந்த நிறத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, "அப்பன் வழியும் ஆத்தா வழியும் சேந்து வந்தது" என்று மட்டும் சொல்லுவாள்.